வணிகம் படிப்பவர் தகவல் அமைப்புகளையும் படிக்கத்தான் வேண்டுமா?

இரண்டாமாண்டு மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வணிக மேலாண்மையில் இளநிலைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். அடுத்த பருவத்திற்கு இரண்டு விருப்பப் பாடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று பன்னாட்டு நிதி. மற்றொன்று தகவல் அமைப்புகள், அதாவது ஒரு நிறுவனம் தன் பதிவுகளைக் கணினி வழியாகச் சேர்த்து வைத்துப் பயன்படுத்தும் முறைகளைப் பற்றிய பாடம். நிதித்துறையில் பணியாற்ற வேண்டும் என்பது என் விருப்பமாதலால், முதல் பாடத்தை எடுப்பதற்கான காரணம் எனக்குத் தெளிவாகவே இருக்கிறது. இரண்டாவதை எடுக்கச் சொல்லும் ஆசிரியர்களோ, இன்று எல்லாமே கணினிமயமாகிவிட்டது என்பதற்கு மேல் காரணம் எதுவும் சொல்வதில்லை. அது எனக்குப் போதவில்லை.

என் ஐயங்களை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓரளவு பெரிய நிறுவனம் எதுவானாலும் அங்கே கணினிப் பிரிவு என்று ஒன்று தனியாக இருக்கிறது. அந்த வேலையை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்று அறியாமலே நாம் விளக்கைப் போட்டுக்கொள்வதைப் போல, கணக்கு மென்பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமலே அதைப் பயன்படுத்த முடியாதா? இன்று நான் கற்கும் மென்பொருள், வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்து போகவும் கூடும். போதாததற்கு, பாடநூலைப் புரட்டிப் பார்த்தால் தரவு என்றால் என்ன, தகவல் என்றால் என்ன, இரண்டிற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை என்று வரையறைகளே பக்கம் பக்கமாக இருக்கின்றன. தேர்வுக்கு மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துவிடக்கூடிய பாடமாகவே எனக்குத் தெரிகிறது.

பணியில் இருப்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். இந்த அறிவு உங்களுக்கு உண்மையிலேயே எங்கே கைகொடுத்தது? அது இல்லாததால் யாராவது இடறி விழுந்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

பேரேடு எழுதியது:

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உள்தணிக்கைப் பணியில் இருக்கிறேன். உங்கள் மின்விளக்கு உவமையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நாம் கருத்து வேறுபடும் இடம் அதுதான். மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் விளக்கு ஒரே மாதிரி எரியும். கணக்கு மென்பொருள் அப்படிப்பட்டதன்று. எதை விற்பனை என்று கொள்வது, எந்த நாளில் கொள்வது, யார் அதைத் திருத்தலாம் என்ற முடிவுகள் அதன் உள்ளே எழுதப்பட்டிருக்கின்றன. அந்த முடிவுகள் மாறினால் உங்கள் இலாபமே மாறும்.

ஒரு நிறுவனத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். மாத இறுதிக் கூட்டத்தில் விற்பனைப் பிரிவு ஒரு தொகையைச் சொன்னது, கிடங்குப் பிரிவு வேறொன்றைச் சொன்னது, கணக்குப் பிரிவு மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது. ஒருவரை ஒருவர் குறைகூறிக்கொண்டு அரைநாள் போயிற்று. விசாரித்துப் பார்த்தபோது மூவரும் சொன்னது உண்மையாகவே இருந்தது. வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்த நாளை விற்பனைப் பிரிவு எடுத்துக்கொண்டிருந்தது. சரக்கு வெளியேறிய நாளைக் கிடங்கு எடுத்துக்கொண்டிருந்தது. இன்வாய்ஸ் போட்ட நாளைக் கணக்குப் பிரிவு எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று பிரிவுகளுக்கும் மூன்று வெவ்வேறு மென்பொருள்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. விற்பனை என்ற சொல்லுக்கு இந்த நிறுவனத்தில் என்ன பொருள் என்று ஒருவரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்கவில்லை, அவ்வளவுதான். வருவாயை எப்போது ஏற்பது என்ற கணக்கியல் நெறியைப் படித்த ஒருவர் எடுக்க வேண்டிய முடிவு அது. அவர் ஒதுங்கிக்கொண்டதால், மென்பொருளை நிறுவியவர்கள் தமக்கு வசதியாகத் தோன்றியதை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்னொன்று, பலரும் அறிந்த செய்தி. ஆனால் அதன் உட்பொருளைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில், சரக்கு வழங்கியவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். கணினிகளைக் கொண்டுவந்து அதை 400 ஆகக் குறைக்கலாம் என்று திட்டமிட்டார்கள். அதன் பிறகு, தாங்கள் பங்கு வைத்திருந்த மாஸ்டா நிறுவனத்தில் அதே வேலையை 5 பேர் செய்வதைக் கண்டார்கள். மாஸ்டா சிறிய நிறுவனம்தான். ஆனாலும் அந்த அளவு வேறுபாட்டை நிறுவனத்தின் அளவைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. ஃபோர்டில் கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, இன்வாய்ஸ் ஆகிய மூன்றையும் 14 விவரங்கள் வரை ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும், ஏன் பொருந்தவில்லை என்று தேடுவதிலேயே நாள் போயிற்று. பிறகு நடைமுறையையே மாற்றினார்கள். ஆணை, எல்லாப் பிரிவுகளும் பார்க்கக்கூடிய கணினிப் பதிவேடான தரவுத்தளத்தில் பதிவாகும். சரக்கு வாயிலுக்கு வந்ததும் அங்கிருப்பவர் திரையைப் பார்த்து, ஆணையோடு பொருந்தினால் ஏற்பார், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவார். ஏற்றுக்கொண்ட அந்தக் கணமே பணம் கொடுக்கும் கடமை பிறந்துவிடும். இன்வாய்ஸே தேவையில்லாமல் போயிற்று. ஆட்களின் எண்ணிக்கை நான்கில் மூன்று பங்கு குறைந்தது. 1990இல் மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹேமர் எழுதிய கட்டுரை ஒன்றின் வழியாக இது உலகெங்கும் பரவியது.

இதில் கணினி செய்தது என்ன, மனிதர் முடிவு செய்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள். வாயிலில் நிற்பவர் ஆணையைத் திரையில் பார்க்க முடிந்தது கணினியால். ஆனால் பணம் கொடுக்கும் கடமை இன்வாய்ஸிலிருந்து பிறக்க வேண்டாம், சரக்கை ஏற்றதிலிருந்து பிறக்கட்டும் என்பது வணிக முடிவு. அதை எடுக்க ஒப்பந்தம் தெரிய வேண்டும், கணக்குப்பதிவியல் தெரிய வேண்டும், தரவுத்தளத்தால் எது இயலும் என்பதும் தெரிய வேண்டும். முதல் இரண்டை மட்டும் அறிந்தவர்கள் 400 பேர் என்ற இலக்கோடு நின்றிருப்பார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் ஏற்கெனவே ஒரு தகவல் அமைப்பைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 1494இல் வெனிஸ் நகரில் லூகா பச்சோலி அச்சிட்டு விளக்கிய இரட்டைப் பதிவு முறை அத்தகைய ஒன்றுதான். ஒவ்வொரு பற்றுக்கும் நிகரான வரவு இருந்தாக வேண்டும் என்ற விதி, பதிவில் நேரும் பலவகைப் பிழைகளைப் பதிவே காட்டிக்கொடுக்கும்படி அமைந்த கட்டுப்பாடு. முதலாண்டில் பற்றும் வரவும் சமமாகின்றனவா என்று பார்க்கும் இருப்பாய்வைக் கையால் தயாரித்தபோது நீங்கள் பயின்றது அதைத்தான். இப்போது அந்தக் கட்டுப்பாடுகள் திரைக்குப் பின்னால் போய்விட்டன. கண்ணுக்குத் தெரியாமல் போனதால் அவற்றைப் படிக்கும் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

கட்டமும் வரிசையும் எழுதியது:

பேரேடு ஐயா பெரிய அமைப்புகளைப் பற்றி எழுதினார். நான் நிதிப் பகுப்பாய்வில் இருப்பவள். நீங்கள் போக விரும்பும் துறையும் அதுவே என்பதால், அங்கே நீங்கள் முதல் நாளிலிருந்து கையாளப்போகும் எக்செல் என்ற ஸ்ப்ரெட்ஷீட் (விரிதாள்) மென்பொருளைப் பற்றி எழுதுகிறேன். கணினிப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்றீர்கள். கணினிப் பிரிவின் கண்ணில் படாமலேயே, நிதிப் பிரிவினர் தாங்களாக உருவாக்கிக்கொள்ளும் அமைப்புகள் எவ்வளவு என்பதை வேலையில் சேர்ந்த பிறகுதான் காண்பீர்கள். யாரோ ஒருவர் அவசரத்திற்கு உருவாக்கிய ஸ்ப்ரெட்ஷீட், அவர் வேலையை விட்டுப் போன பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சோதித்தவர் இருக்கமாட்டார். அதன் பழைய வடிவம் எது, புதிய வடிவம் எது என்றும் தெரியாது.

2012இல் ஜே.பி. மார்கன் வங்கியின் இலண்டன் பிரிவு 600 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. அந்த இழப்பிற்குக் காரணங்கள் பல. அங்கே சந்தையில் வாங்கி விற்றவர்கள் அளவுமீறி ஏற்றுக்கொண்ட இடர்களே அவற்றில் முதன்மையானவை. ஆனால் எவ்வளவு இடர் இருக்கிறது என்று மேலிடத்திற்குக் காட்ட வேண்டிய கணிப்பு முறை, பல ஸ்ப்ரெட்ஷீட்களுக்கிடையே கையால் நகலெடுத்து ஒட்டும் வேலையை நம்பி நடந்தது என்று அந்த வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே 2013இல் கூறியது. ஓரிடத்தில் சராசரியால் வகுக்க வேண்டியதைக் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். விளைவாக ஏற்ற இறக்கத்தின் அளவு குறைந்து தெரிந்தது. இடரைக் குறைத்துக் காட்டிய அந்த எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு பட்டம் பல பெற்றவர்கள் கூடி விவாதித்தார்கள்.

வணிகத்திற்கு வெளியே நடந்த இன்னொன்று, இதைவிட மனத்தைப் பாதிப்பது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளை எக்செலின் பழைய கோப்பு வடிவத்திற்கு மாற்றியிருந்தார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் உண்டு. அதற்கு மேல் வந்தவை சேரவே இல்லை. தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி அந்த அளவுக்குத் தாமதமானது. அனுப்பிய பதிவுகள் எத்தனை, வந்து சேர்ந்த பதிவுகள் எத்தனை என்று இரண்டு எண்களை ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கட்டுப்பாட்டுத் தொகை என்று தணிக்கையாளர்கள் சொல்லும் அந்த எளிய பழக்கத்தை இந்தப் பாடத்தில்தான் கற்பிக்கிறார்கள், அல்லது கற்பிக்க வேண்டும்.

பன்னாட்டு நிதியை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதில் வரும் சூத்திரங்கள் எல்லாம் இறுதியில் ஏதோ ஒரு கட்டத்திற்குள் போய் உட்காரப் போகின்றன; அந்தக் கட்டத்திற்குள் வரும் எண் எந்த வழியாக வந்தது என்று பின்னோக்கிச் சென்று பார்க்கத் தெரியாதவருக்குச் சூத்திரம் தெரிந்தும் பயன் குறைவு.

வினவல்மொழி எழுதியது:

நான் மென்பொருள் எழுதுபவன்; மேலே எழுதிய இருவரோடும் பாதி உடன்படுகிறேன். பாடநூலைப் பற்றிக் கேள்வி கேட்டவர் சொன்னது சரிதான். அமைப்புகளை அடுக்கடுக்காகப் பிரமிடு போல வரைந்து, ஒவ்வோர் அடுக்கிற்கும் பெயர் சூட்டி, அந்தப் பெயர்களைத் தேர்வில் கேட்கும் பாடத்தால் எவருக்கும் பயனில்லை. அப்படித்தான் உங்கள் கல்லூரியில் நடத்துகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்தப் பாடத்தை எடுக்காமல் அந்த நேரத்தில் தரவுத்தளத்தைத் தாங்களாகவே கற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

மென்பொருள் சில ஆண்டுகளில் வழக்கொழியும் என்ற உங்கள் இரண்டாவது ஐயத்தை மட்டும் மறுக்கிறேன். திரைகளும் பொத்தான்களும் மாறும். அடியில் இருப்பது அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட், தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கலாம் என்ற கருத்தை 1970இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கடந்த பிறகும் உலகின் வணிகப் பதிவுகளில் பெரும்பகுதி அந்த முறையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் ஓர் அட்டவணையில், ஆர்டர் ஓர் அட்டவணையில், ஆர்டரின் ஒவ்வொரு வரியும் இன்னோர் அட்டவணையில் இருக்கும். ஒவ்வொன்றிற்கும் மாறாத ஓர் அடையாள எண் இருக்கும். இதைப் புரிந்துகொண்டு, எஸ்.கியூ.எல். என்ற வினவல் மொழியில் எளிய கேள்விகளைக் கேட்கப் பழகினால், அந்த அறிவு உங்கள் பணிக்காலம் முழுவதும் உடன் வரும்.

நான் இதில் அக்கறை கொள்வதற்கு என் வேலையே காரணம். எங்களிடம் அமைப்பு கேட்டு வரும் மேலாளர்கள், அவர்கள் தொழிலில் கைதேர்ந்தவர்கள்தாம். ஆனால் தங்கள் தொழிலின் விதியைச் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு முகவரிகள் இருக்கலாமா? பாதிச் சரக்கு மட்டும் திரும்பி வந்தால் கொடுத்த தள்ளுபடி என்னவாகும்? இரத்தான ஆர்டரை அழித்துவிடுவதா, இரத்து என்று குறித்து வைத்திருப்பதா? கேட்டால், இதெல்லாம் உங்களுக்கே தெரியுமே என்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நாங்கள் ஊகித்து எழுதுகிறோம். அந்த ஊகம் நிறுவனத்தின் கொள்கையாகவே ஆகிவிடுகிறது. பேரேடு ஐயா சொன்ன மூன்று விற்பனைத் தொகைகள் இப்படித்தான் பிறந்திருக்கும். எங்கள் தரப்பிலும் குற்றம் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் வேலையை முடித்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் உரிமை எங்களுடையதன்று. வணிகம் படித்த உங்களுடையது.

இரண்டாமாண்டு மாணவன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மென்பொருள் வழக்கொழிந்துவிடும் என்ற என் வாதம் அவ்வளவு உறுதியானதன்று என்பது புரிகிறது. இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. நான் நிரல் எழுதவும் கற்றுக்கொள்ள வேண்டுமா? அடுத்தது என்னைக் குழப்புவது. அமைப்பு ஓர் எண்ணைக் காட்டுகிறது, பணியாளர் ஒருவர் அது தவறு என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலாளராக நான் இருவரில் யாரை நம்புவது? மனிதர் பொய் சொல்லலாம், கணினிக்குப் பொய் சொல்லும் காரணம் இல்லை என்றுதானே இயல்பாகத் தோன்றும்?

சான்று எழுதியது:

இந்த இழையை வாசித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். உங்கள் கடைசி வரி என்னை எழுத வைத்துவிட்டது. கணினிக்குப் பொய் சொல்லும் காரணம் இல்லை என்ற இதே எண்ணத்தால் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சிதைந்தன. வணிகம் படிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு அது.

பிரித்தானிய அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு அமைப்பைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கி நடத்தியது ஃபுஜிட்சு குழுமம். கிளைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் சிறு தொழில்முனைவோர். அமைப்பு, கையிருப்பில் பணம் குறைகிறது என்று காட்டத் தொடங்கியது. ஒப்பந்தத்தைக் காட்டி அந்தக் குறையை அவர்களே ஈடுசெய்ய வேண்டும் என்றது நிறுவனம். பலர் தம் சேமிப்பிலிருந்து கட்டினார்கள், சிலர் கடன் வாங்கிக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்ற வழக்குகள் பாய்ந்தன. 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுள் சிலர் சிறை சென்றார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

கிளை நடத்தியவர்கள் 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த அமைப்பில் பிழைகள் இருந்தன என்றும், கிளைகளின் கணக்குகளை வெளியிலிருந்து ஃபுஜிட்சு ஊழியர்களால் மாற்ற முடிந்தது என்றும் தீர்ப்பளித்தது. அப்படி மாற்றவே முடியாது என்று நிறுவனம் அதற்கு முன் நெடுங்காலம் சொல்லிவந்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் 39 பேரின் தண்டனைகளை நீக்கியது. 2024இல் எஞ்சியவற்றை நீக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இதில் நிரலில் இருந்த பிழையை விட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. நிறுவனத்தில் கணக்காளர்கள் இருந்தார்கள், தணிக்கையாளர்கள் இருந்தார்கள், மேலாளர்கள் இருந்தார்கள். ஒரே தொழிலைச் செய்யும் இத்தனை பேர், ஒரே காலகட்டத்தில், எப்படித் திடீரென்று திருடர்களாக மாறியிருக்க முடியும் என்று கேட்பதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பதிவை உருவாக்கியது யார், பிறகு மாற்றியது யார், அந்த மாற்றத்தின் தடம் எங்கே என்று கேட்டிருக்கலாம். தணிக்கைத் தடம் என்ற அந்தக் கருத்து உங்கள் பாடநூலில் எங்காவது இரண்டு வரிகளில் இருக்கும். மற்ற வரையறைகளை விட்டாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

ஆகவே, யாரை நம்புவது என்ற கேள்விக்கு என் விடை: முதலில் எவரையும் நம்ப வேண்டாம், இருவரையும் சோதிக்கலாம். பணியாளரிடம் ஆவணம் கேட்கிறோம் அல்லவா? அமைப்பிடமும் கேட்க வேண்டும். அந்த எண் எந்தப் பதிவுகளிலிருந்து கூடி வந்தது, அமைப்பிற்கு வெளியே உள்ள ஒன்றோடு, அதாவது எண்ணிப் பார்த்த பணத்தோடோ வங்கி அறிக்கையோடோ அது பொருந்துகிறதா, இதே முறையீடு வேறு இடங்களிலிருந்தும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று அறியாத மேலாளர், கையெழுத்துப் போட்டு அந்த மனிதரைத் தண்டனைக்கு அனுப்பிவிடுவார். அவர் கொடியவராக இருக்க வேண்டும் என்ற தேவையே இல்லை.

பேரேடு எழுதியது:

சான்று அவர்கள் எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க வேண்டியது அதிகமில்லை. நிரல் எழுதுவதைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். தெரிந்தால் நல்லது, கட்டாயமில்லை. பிறர் எழுதிய நிரல் எந்த நடைமுறையின்படி வேலைக்கு வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது கட்டாயம்.

நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய மென்பொருளோடு சந்தைக்குள் வந்தது. 8 சர்வர்களில் ஏழில் புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. ஒன்றில் ஏற்ற மறந்துவிட்டார்கள். அதில் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டத் தொடங்கியது. ஏறக்குறைய 45 நிமிடங்களில் இழப்பு 44 கோடி டாலரைத் தாண்டியது. சந்தை திறப்பதற்கு முன்பே அந்த அமைப்பு பிழையைக் குறிக்கும் 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையாகக் கொண்டு பார்க்க வேண்டும் என்று யாருக்கும் பணிக்கப்பட்டிருக்கவில்லை. ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துப்பூர்வமான விதியும் இல்லை. காசோலையில் இரண்டு கையெழுத்து ஏன் வேண்டும் என்று அறிந்த எந்த வணிகவியல் மாணவரும் இந்த விதியை எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்த அறிவை அங்கே பொருத்தலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். உங்கள் கைக்கெட்டும் ஏதாவது ஒரு பரிவர்த்தனையை எடுத்துக்கொண்டு, அது தொடங்கியதிலிருந்து கணக்கில் ஏறும் வரை ஒவ்வொரு படியையும் ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு படியிலும் எழுதுபவர் யார், ஒப்புதல் தருபவர் யார், பணத்தைத் தொடுபவர் யார், பிறகு சரிபார்ப்பவர் யார் என்று குறியுங்கள். அந்தத் தாள் உங்களுக்குச் சலிப்பூட்டினால் பன்னாட்டு நிதியையே எடுத்துக்கொள்ளுங்கள், நான் வற்புறுத்தமாட்டேன்.

இரண்டாமாண்டு மாணவன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதை நேற்றிரவு செய்து பார்த்தேன். எங்கள் துறை மாணவர் மன்றத்தின் உறுப்பினர் கட்டணத்தை எடுத்துக்கொண்டேன். அதன் பொருளாளர் நான்தான் என்பதால் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன். வரைந்து முடித்தபோது ஏழு படிகள் வந்தன. கட்டணத்தை வாங்குவது, பற்றுச்சீட்டு கொடுப்பது, எக்செலில் பதிவது, வங்கியில் கட்டுவது, வங்கி அறிக்கையோடு ஒப்பிடுவது ஆகிய ஐந்து படிகளிலும் என் பெயரே இருந்தது. கட்டணம் செலுத்தாதவர்கள் பட்டியலைத் தயாரித்து அவர்களை நிகழ்ச்சிகளிலிருந்து விலக்குவதும் நானே. சென்ற மாதம் ஒருவர் தாம் செலுத்திவிட்டதாகச் சொன்னார். கோப்பில் இல்லை என்று அவருக்கு மறுமொழி அனுப்பியிருந்தேன்.

இன்று காலையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையை எடுத்துப் பார்த்தேன். அவர் செலுத்தியிருக்கிறார். ஒரே பெயர் கொண்ட இருவரில் மற்றவரின் வரிசையில் நான் பதிந்திருந்தேன். வினவல்மொழி அவர்கள் சொன்ன அடையாள எண் எதற்கு என்று இப்போது புரிகிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வங்கி அறிக்கையை ஒப்பிடும் பொறுப்பைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். விருப்பப் பாடப் படிவத்தில் தகவல் அமைப்புகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பன்னாட்டு நிதியை மூன்றாம் ஆண்டில் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறதாம்.